அண்ணனுக்கு ஒதுக்கிய அத்தியாயம்

11.6.2025, புதன்
நாவலில் ஆறு அத்தியாயம் முடிந்தது. ஆறும் 'நான்' சொல்வதாகவே. தொடக்கமே மகளின் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் நாற்காலி காலி. மாதவராஜ் அண்ணன் சீர் கொண்டு வரவில்லை. அன்றிலிருந்து மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சும் இல்லை. படிக்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே அவரைத் திட்ட ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டு நானே கண்ணீர் விட்டேன். என் எழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

13.6, வெள்ளி
எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் ஷகிலாவிடம் படிக்கக் கொடுத்தேன்.
"அழுதுட்டேன் டீச்சர். ஆனா அந்த அண்ணன் ஆறு அத்தியாயமா வாயவே தொறக்கலையே, ஊமைங்களா?"
கணக்கு டீச்சருக்கு எதற்கு இலக்கியம்?

15.6, ஞாயிறு
சரி, ஏழாம் அத்தியாயத்தை அண்ணனே சொல்லட்டும். தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளட்டும். விமர்சகர்கள் இதைப் பெருந்தன்மை என்பார்கள்.

18.6, புதன்
மாட்டவில்லை. மூன்று நாளாக ஒரு கெட்ட வார்த்தை பேசவைக்கப் பார்க்கிறேன், மனுஷன் அசைய மாட்டேன் என்கிறார். கதையை விழா நாளில் தொடங்கவும் மறுக்கிறார். பத்து நாள் முன்னாலிருந்துதான் தொடங்குவாராம்! தங்கச்சியும் மாப்பிள்ளையும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைப்பார்கள் என்று தக்காளி மார்க்கெட்டிலிருந்து தினமும் சீக்கிரமே வீடு திரும்புகிறார். பாஞ்சாலி அண்ணி பட்டுப்பாவாடைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

பாவாடை கற்பனை இல்லை. துணிக்கடை சவுரியப்பன் அப்போதே என்னிடம் சொன்னார். என் ஆறு அத்தியாயத்தில் அதற்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

நான் என்ன செய்தேன்? பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாய்மாமனுக்கு! அதுவும் ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே மெசேஜ். நாவலில் அது 'முறைப்படி அழைத்தேன்' என்று ஒரே வரி. பரீட்சை நேரம், லீவு கிடைக்கல — இப்ப யாருகிட்ட சொல்றேன் இதெல்லாம்? காரிமங்கலத்துல இருந்து பாலக்கோடு என்ன, காசியா?

19.6, வியாழன்
அண்ணனின் அத்தியாயத்தை முதலில் வைத்து, என்னுடையதைப் பின்னால் தள்ளிப் படித்துப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கிறது.

22.6, ஞாயிறு
பாலக்கோடு போனேன். கதவைத் திறந்த அண்ணி "வாங்க" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கத எழுதறியாமே நிர்மலா. சந்தைக்கு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. அதுல நான்தான் கெட்டவனா?"

நான்தானே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன்.

"ஆறு அத்தியாயம் வரைக்கும்தாண்ணா."

"அப்பறம்?"

"அப்பறம் நான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாஞ்சாலி, சோறு பத்துமா பாரு. இவளும் சாப்புடுவா."