உதவிக்கு நிற்கிறவள்

ஜனவரி 9

பத்து மணிக்கு மேற்பார்வை என்று ஒன்பதரைக்குத்தான் செய்தி வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். தங்கச்சி நுஸ்ஹா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவினாள், கறுப்பு அபாயாவைப் போட்டாள், ஓடி வந்து என் கதிரையில் உட்கார்ந்தாள். நான் எழுந்து தேயிலை ஊற்றப் போனேன். எங்கள் முன்பள்ளியின் பதிவில் அவள்தான் ஆசிரியை. பதின்மூன்று வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது.

மேற்பார்வை உத்தியோகத்தர் மீராமுகைதீன் சேர் பிள்ளைகளை எண்ணினார், சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார், பிறகு என்னைக் காட்டி நுஸ்ஹாவிடம் வழமைபோல் கேட்டார்: "இவ ஆரு?"

"உதவிக்கி நிக்கிறவ, சேர்."

அவருக்கு எல்லாம் தெரியும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வாசல் கடப்படியில் செருப்பைப் போடும்போது மெதுவாகச் சொன்னார். "ஜெனூபா, பேர மாத்திப் போடுங்க. நான் ஜூனோட பென்சன். அடுத்து வாறவங்க என்னப் போல இரிக்க மாட்டாங்க."

ஓம் சேர் என்றேன். அவர் தெருமுனை தாண்டியதும் நானும் நுஸ்ஹாவும் வயிறு நோகச் சிரித்தோம். அவள் கையில் இன்னும் மீன் மணம்.

ஜனவரி 11

மாற்றத்தான் வேண்டும். நான் பள்ளி தொடங்கி ஆறு வருஷம் கழித்து, 2012இல் பதியும்போது, ஓ எல் பரீட்சையில் ஆறு பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கணக்கு போகவில்லை. அவளுக்கு எல்லாம் இருந்தது. பள்ளி நிற்கும் வளவும் அவளுடைய சீதன வளவு. "ரெண்டும் அவட பேர்லயே இரிக்கட்டும், ஒரு வயித்துப் புள்ளையள்தானே" என்று உம்மா சொன்னார். பிறகு நான் கணக்கையும் எழுதி எடுத்தேன், சனி ஞாயிறில் போய் டிப்ளோமாவும் முடித்தேன். மாற்ற ஒரு படிவமும் அவளுடைய ஒரு கையெழுத்தும் போதும். எட்டு வருஷமாக அந்தப் படிவம் அலுமாரியில் கிடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கச்சியிடம் கையெழுத்து வாங்க யாருக்கு அவசரம்?

ஜனவரி 26

முன்பள்ளி ஆசிரியைகள் சங்கக் கூட்டம். நாங்கள் நாற்பத்துமூன்று பேர். தலைவி சாரதாதேவி டீச்சர், கடலோரத்தில் மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளை இருபத்துநான்கு வருஷமாக வைத்துப் படிப்பிப்பவர். நான் செயலாளர். என் கையெழுத்து அழகு என்று பிடித்துப் போட்டார்கள்.

தெருவில் கண்டால் டீச்சர். மேடையில் 'நாளைய தலைவர்களைச் செதுக்குபவர்கள்'. பிரசவத்துக்கு லீவு கேட்டால் மட்டும் 'நீங்கள் தொண்டர்கள்தானே'. போன வருஷம் ஒருத்தி பெற்று நாற்பது நாள் கழியாமல் பச்சை உடம்போடு பள்ளிக்கு வந்தாள். இந்த வருஷம் நியமனக் கடிதம் இல்லாமல் ஓய்வதில்லை என்று தீர்மானம். எழுதியது நான்.

பெப்ரவரி 15

இன்று நான் ஒரு பெரிய ஆள்.

மேல் அலுவலகம் எங்கள் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நியமனம் தர இணங்கிவிட்டது. நிபந்தனைகளைச் சங்கமே எழுதித் தரட்டுமாம். அதற்குள் ஓர் அரசியல்வாதியின் ஆள் பதினொரு பெயர் கொண்டுவந்து நீட்டுகிறார். பதினொருத்தியில் ஒருத்திகூட ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்தவளில்லை. "அவங்களும் இனி படிப்பிப்பாங்கதானே" என்கிறார். அவர்கள் உள்ளே வந்தால் எங்களில் ஒன்பது பேர் வெளியே. முதலில் விழுவது கடலோரப் பள்ளிகள்தான், அவர்களுக்குக் கேட்க ஆளில்லை.

எழுந்து நின்றேன். "போன டிசம்பர் முப்பத்தொண்டுல பதிவுப் புத்தகத்தில பேர் இரிக்கிறவங்களுக்கு மட்டும் எண்டு போடுங்க. நடந்துபோன திகதிய ஒருத்தராலயும் மாத்த ஏலா" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அங்கேயே என் கையால் எழுதினேன். 'பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்யாதோர்' என்று ஒரு வரி சேர்த்து ஏசியும் வைத்தேன். சாரதா டீச்சர் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கள் கொடுக்கிறார்.

பெப்ரவரி 16

சோறு வடிக்கும்போதுதான் நினைவு வந்தது. என் பெயர் எந்தப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது?

பெப்ரவரி 17

முதல் பஸ்ஸில் சாரதா டீச்சரிடம் போனேன். பள்ளி வாசலில் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பதின்மூன்று வருஷ நாடகம், மீன் மணம், தேயிலை, எல்லாம். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து என் கையில் தந்தார்.

"இன்னும் குடுக்கல்லகா. நீங்க சொன்னா திகதிய மாத்துவம். மார்ச் கடைசி எண்டு போடுவம். அதுக்குள்ள உங்கட பேரயும் பதிஞ்சிரலாம்."

"அப்ப அந்தப் பதினொண்டும் பதிஞ்சிருமே."

"ஓம்" என்றார்.

உள்ளே அவருடைய உதவி ஆசிரியை தர்சிகா ஒரு பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பதிவில் இருக்கிறது. சாரதா டீச்சர் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிறார். இடம் சுருங்கினால் போகிறவள் அவள்.

"அப்படியே குடுங்க" என்றேன்.

இதைப் பெரிய தியாகம் என்று எழுதி வைக்காதே ஜெனூபா. பாதிப் பங்கு வெட்கம். சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, திங்கட்கிழமை எனக்காகவே மாற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னை நானே நல்லா ஏசிக்கிட்டு வந்தன் — எட்டு வரிசமா அலுமாரிக்குள்ள கிடந்திச்சே, ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து.

மார்ச் 12

நோன்பு பதினொன்று. நுஸ்ஹாவிடம் சொன்னேன். அழுதாள். "எனக்கு வேணாம் எண்டு எழுதித் தாறன் ராத்தா" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீராமுகைதீன் சேரிடம் கேட்டேன். "அவ விட்டா அந்த இடம் ஒங்களுக்கு வராது, வேற ஆருக்கும் போகும். பள்ளியில பதிவான ஆள் இல்லெண்டு அதையும் மூடுவாங்க" என்றார். வந்து நுஸ்ஹாவிடம் எழுதாதே என்றேன். சரி என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள் போலிருந்தது. அல்லது எனக்குப் பசியோ.

ஏப்ரல் 2

பெருநாள் கழிந்து நுஸ்ஹாவின் மாப்பிள்ளை அஸ்ஹர் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பள்ளியை உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். கூரைத் தகட்டைத் தட்டினார்.

"பேர் அவட, வேல ஒங்கட. வீட்டுக்குள்ளதானே ராத்தா, சம்பளத்தப் பேசிக்கிடலாம்."

மரியாதையாகத்தான் கதைத்தார். வட்டிலப்பத்தை நான் தொடவில்லை.

ஜூன் 20

மீராமுகைதீன் சேருக்குப் பிரியாவிடை. பொன்னாடை போட்டோம். ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன், ஒரு தடவையாவது புத்தகத்தில் உண்மையை எழுதியிருக்கலாமே என்று.

"எழுதியிரிந்தா அண்டைக்கே ஒங்கட பள்ளி மூடியிரிக்கும் மகள். நானும் நல்லதுக்குத்தான் செஞ்சன்."

எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். உம்மாவும்.

ஆகஸ்ட் 5

நியமனக் கடிதங்கள் நகரவில்லை. ஆறு மாதத்தில் பதினான்கு நினைவூட்டல் எழுதிவிட்டேன். இன்று கல்முனையில் வெயிலில் நின்றோம். பிள்ளைகள் வரைந்த படங்களின் பின்பக்கத்தில் கோரிக்கைகளை எழுதிப் பிடித்தோம், புது மட்டை வாங்க வழியில்லை. ஆட்டோவில் போன ஒருவன் "வீட்ட போய்ச் சமைங்க" என்று கத்தினான். சமைத்து வைத்துவிட்டுத்தான் வந்தோம்.

பகல் ஒரு மணிக்குத்தான் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் உள்ளே கூப்பிட்டார். "ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கவும் நியமனக் கடிதமா?" என்று சிரித்தார்.

"சேர், ஒங்கட புள்ளைக்கி மூத்திரம் வந்தா வாயால சொல்லப் பழக்கினது ஆரு? வேற ஒரு புள்ளையக் கடிக்காம இரிக்கப் பழக்கினது ஆரு?"

சாரதா டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். உத்தியோகத்தருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அங்கேயே அதில் கையெழுத்து வைத்தார். எழும்பும்போது கேட்டார்: "நீங்க எத்தின வருசம்?"

"பத்தொன்பது, சேர்."

"அப்ப ஒங்கட பேர்தான் முன்னுக்கு இரிக்கும்."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

வெளியே வந்ததும் நதீரா டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பச்சை உடம்போடு வந்தவள் அவள்தான்.

ஆகஸ்ட் 6

தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாட்டு இல்லை. பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இன்னும் வாய் திறக்காத றாஹிலா தன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தாள். நாலு வயது.

ஒக்டோபர் 14

பட்டியல் வந்தது. நாற்பத்துமூன்று பெயர். அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. தர்சிகா இருக்கிறாள், நதீரா இருக்கிறாள், கடலோரப் பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. இருபத்தேழாவது: நுஸ்ஹா.

நதீரா விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினாள். "அச்சுப் பிழையா டீச்சர்? உங்கட பேரக் காணல்லயே."

"பிழை இல்ல. என்ட பேர் பதிவுல இல்ல. பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்யாதோர் எண்டு எழுதினனே, அது என்ட பள்ளியத்தான்."

சாரதா டீச்சர் மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாக எழும்பி, பட்டியலைப் போட்டோக் கொப்பி எடுக்கப் போனார்கள். குற்றம் சொல்ல மாட்டேன், பெயரைக் கண்ட சந்தோஷம் அது. நான்தானே அதற்காக ஒரு வருஷம் கத்தினேன். ஆனாலும் ஒருத்தியாவது கொப்பி எடுப்பதை நாளைக்குத் தள்ளி வைத்திருக்கலாம். எரியுது மனசு. எழுதவும் வெக்கமாக் கிடக்கு.

நவம்பர் 3

கடிதம் கையளிக்கும் விழா. நுஸ்ஹா என் நாவல் நிறச் சேலையைக் கேட்டாள். கொடுத்தேன். முந்தானையில் ஊசி குத்தியும் விட்டேன்.

நவம்பர் 19

"ராத்தா, பாடக்குறிப்பு எப்பிடி எழுதுற?" என்று வந்து கேட்டாள். ஒரு கிழமைக்கானதை எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து அவளுடைய எழுத்தில் எழுதினாள். என் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

டிசம்பர் 6

விடுகை விழா. அழைப்பிதழை அஸ்ஹர் அடித்திருந்தார். 'ஆசிரியை: நுஸ்ஹா அஸ்ஹர்' என்று தங்க எழுத்தில். பிள்ளைகளின் கறுப்பு அங்கிகளை இரண்டு கிழமையாகத் தைத்தது நான். என் பெயர் கடைசியில், 'ஒத்துழைப்பு நல்கியோர்' என்ற வரியில், ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் நடுவில்.

பெற்றோருக்குத் தெரியும். இரண்டொரு தாய்மார் மேடையில் அவளுக்குப் பூக்கொடுத்துவிட்டு, இறங்கி என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அடுத்த பிள்ளையைச் சேர்க்க வேண்டுமே.

றாஹிலா சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே வந்து, தொப்பியைக் கழற்றி என் மடியில் போட்டாள். "டீச்சர், சூடு" என்றாள். வருஷம் முழுக்க நான் கேட்கக் காத்திருந்த வாய். மேடையில் யாருக்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 21

சங்கச் செயலாளர் பதவியை விட்டேன். நியமனம் பெற்றவர்கள்தான் இனி பதவி வகிக்கலாமாம், சங்கத்தின் யாப்பு விதி மாறுகிறது. நதீரா செயலாளர். திருத்தத்தை எழுதித் தரும்படி என்னிடமே கேட்டார்கள். என் கையெழுத்து அழகாம்.

சாரதா டீச்சர் மட்டும் அதற்குக் கை உயர்த்தவில்லை. "கடலோரத்துக்கு வாங்ககா, என்ட பள்ளியில நில்லுங்க" என்றார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அதோடு இங்கே வருகிற வருஷம் இருபத்தொரு புதுப் பிள்ளைகள். நுஸ்ஹாவுக்கு அழுகிற பிள்ளையைத் தூக்கவே பயம்.

ஜனவரி 8

பத்து மணிக்கு மேற்பார்வை. வேலியில் நின்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நுஸ்ஹா எட்டு மணியிலிருந்தே கதிரையில் இருந்தாள். மீன் மணம் இல்லை, வாசனை பூசியிருந்தாள்.

புது உத்தியோகத்தர் ஒரு மிஸ், வயதில் சின்னப் பிள்ளை. எல்லாவற்றையும் கவனமாகக் குறித்தாள். அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் என் இடுப்பில் இருந்தார்கள்.

"இவங்க ஆர்?"

"உதவிக்கி நிக்கிறவ, மிஸ்."

நுஸ்ஹாவுக்கு நாக்குத் தடுமாறவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தேயிலை ஊற்றப் போனேன். மிஸ் குடித்தாள், 'மிகவும் திருப்தி' என்று எழுதினாள், போனாள். நான் கோப்பைகளைக் கழுவினேன். ஏற்கனவே கழுவியதையும் இன்னொரு தடவை கழுவினேன். நுஸ்ஹா சிரிப்பாள் என்று நினைத்தேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில்தான் சிரிப்போம்.

நுஸ்ஹா வரவுப் புத்தகத்தில் குனிந்திருந்தாள். நிமிராமலே சொன்னாள். "ராத்தா, நாளைக்கிக் கொஞ்சம் வெள்ளனா வாங்க. புள்ளையள் நேரத்தோட வருதுகள்."

"ஓம் டீச்சர்" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.