அடுப்படிக்குச் சிவப்பு

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். ஏரி தெரியவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் குறைவு.

நிவேதாவின் முதல் சொந்த வேலைக்கு வந்தது சோதனை. தலைச்சோலை காப்பித் தோட்டக்காரர் கட்டப்போகும் நாலு ரூம் விடுதிக்கு மகள் பிளான் போட்டுக் கொடுத்திருந்தாள். இன்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரான எனக்கு அவர் போன். "ஏனுங்க ரைட்டரே, பாப்பா நல்லாத்தான் போட்டிருக்குது. ஆனா வெறும் கோடுங்க. எங்க ஊட்டுல பாத்துட்டு, இதென்ன கம்பிவேலியான்னு கேக்கறாங்க." சேலத்து ஆபீஸ் ஒன்று கலரில் தரப்போகிறதாம். ஞாயிறன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு.

இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை, வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் கோயம்புத்தூர் கம்பெனிக்கு 'வருகிறேன்' என்று சொல்லிவிடுவாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பதை மூன்று தடவை சொன்னேனாம். மனைவி எண்ணியிருக்கிறாள்.

நவ. 12, புதன்

மழை. மதியத்துக்கு மேல் வேலை நின்றது.

பிளானுக்கு நிறம் பூச எந்த சாப்ட்வேர்? இருவரும் தேடினோம். அவள் தேடினாள், நான் டீ ஆற்றினேன்.

1. பெரிய ஆபீஸ்களில் உள்ளது. மாதா மாதம் கட்டவேண்டும். நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும். வாடகை வீடு.
2. ஒரே தடவை பணம். ஆனால் நிவேதாவின் லேப்டாப் அதைத் திறந்ததும், கொண்டை ஊசி வளைவில் பழைய ஜீப் மாதிரி இரைந்தது. அப்புறம் நின்றுவிட்டது.
3. இணையத்திலேயே பூசலாம். அழகு. பிரிண்ட் எடுத்தால் நடு ஹாலில் அவர்கள் பெயர் குறுக்கே படுத்திருக்கிறது.
4. முழு இலவசம். போட்டோ திருத்துவதற்கானது.

சும்மா கொடுப்பவன் எதில் சாப்பிடுகிறான்? "உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து செய்யறாங்கப்பா." இருக்கலாம். எஸ்டேட்டில் சும்மா ஒரு கூடை தூக்க ஆள் வராது.

நிறம் எனக்கு ஒன்றும் புதிதில்லை. எஸ்டேட் மேப்பில் இருபது வருஷமாகப் பென்சில் தேய்ப்பது நான்தான். கிளை வெட்டிக் கவாத்து முடிந்தால் பச்சை. தண்டைத் துளைக்கும் போரர் பூச்சி விழுந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் பிடுங்கி எரி. இதைச் சொன்னேன். மகள் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நவ. 13, வியாழன்

கொஞ்சம் வெயில். போர்வைகள் காய்ந்தன.

நாலாவதே போதும் என்று முடிவு. அதில் ஒரு வாளிப் படம். வாளியைத் தொட்டு அறையைத் தொட்டால் நிறம் ஊற்றும். குளியலறைக்கு நானே ஊற்றினேன். ஹால், ரூம், வராண்டா, தாளின் ஓரம் வரை நீலம்.

"அப்பா! ஊட்டையே முக்கிட்டீங்க!"

வாசல்களில் கோடு விட்டுப்போயிருக்கிறது. அந்த வழியாகக் கசிகிறது. அவள் தலையில் கை. எனக்கோ ஒரே குஷி. ஊற்றுத் தண்ணீர் பைப்பில் பொத்தல் தேடுவது மாதிரி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மொத்தம் பதினேழு. எல்லாவற்றையும் மெல்லிய கோட்டால் அடைத்தோம். கோடு மேலே ஒரு தாள், நிறம் அடியில் இன்னொரு தாள் என்று நிவேதா பிரித்துவிட்டாள். இனி எது சிந்தினாலும் கோடு அழியாது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு கும்பிடு.

நவ. 14, வெள்ளி

நிவேதா பிரிண்ட் கடை விசாரிக்கச் சேலம் போனாள். "மிச்ச ரூமுக்கு லேசா ஊத்தி வைங்கப்பா." ஊற்றினேன். படுக்கை ரூம் மஞ்சள். வராண்டா பச்சை. அடுப்படி சிவப்பு. நெருப்பு இருக்கிற இடம் அல்லவா.

சாயங்காலம் பார்த்தாள். "சிவப்பு கொஞ்சம் அடிக்குது. சரி, இருக்கட்டும்." பாஸ்!

நவ. 15, சனி

பிரிண்ட் வந்தது. முகம் பார்க்கலாம் போல வழவழப்பு. மனைவி: "பிளான் நொம்ப நல்லாருக்குது. நீங்க நாளைக்கு வாயத் தொறக்காதீங்க."

நவ. 16, ஞாயிறு

தூறல். பஸ்ஸில் பிளான் என் சட்டைக்குள்.

சேலத்துக்காரர்களுடையது ஏற்கனவே மேஜையில். அதில் மரம், கார், சோபாவில் காலாட்டும் ஆள்கூட. நம்முடையதையும் விரித்தோம். தோட்டக்காரரின் மனைவிதான் அங்கே பறிப்பு, கவாத்து எல்லாம் மேப் வைத்துப் பார்ப்பவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, அடுப்படியில போரர் விழுந்திருச்சுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். நிவேதா என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

அந்தம்மா சிரிக்கவில்லை. வாசலில் விரலை வைத்தார். ஹால், நடை, ரூம் என்று விரலாலேயே நடந்து அடுப்படியில் நின்றார்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆடிக்காத்து இந்த மேக்குப் பக்கமிருந்துதான் அடிக்கும். நமக்கு வெறகடுப்பு. பொகை பூரா ரூமுக்குள்ளதான் போவும். இதைப் புடுங்கத்தான் வேணும். கண்ணு, கெழக்கால மாத்திப் போடு சாமி. எப்ப முடியும்?"

"புதன்கிழமைங்க."

சேலத்துத் தாளைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தார்.

கோயம்புத்தூருக்கு என்ன சொல்வாள் என்று பஸ்ஸில் நான் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்கவில்லை. மூன்றாவது தடவை ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வரலைன்னு மெசேஜ் போட்டாச்சு. வாளிய மட்டும் இனி நீங்க தொடாதீங்கப்பா."