அப்பா நிற்கும் இடம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்போடு மனசும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். வாரம் தவறாமல் போனில் முகம் பார்க்கிறோமே, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று சிரிக்காதே. போனில் பேசினால் மரப் பட்டறையில் இருக்கும் உன் தம்பி காதில் விழும், நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதானே. மாடிப்படி ஓரம் ஒழுகியதை அடைத்தாயிற்று. என் முழங்கால் அது இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை போட்டுக்கொடுத்துவிட்டார், அவரைத் திட்டாமல் ஒழுங்காகச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் நீலச் சாக்பீஸ் உனக்கு மறந்திருக்காது. பட்டறைக்குள் வந்து, தம்பி செய்து வைத்த சாமானுக்கு நேர் எதிரே அந்தத் தூண் ஓரமாக நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு செருமல் செருமி, குறை இருக்கும் இடத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன குறை என்று சொல்ல மாட்டார், எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்ல மாட்டார், கேட்டால் கண்ணு எதுக்கு இருக்கு என்பார். வீட்டுச் சுவரில் வட்டம், நீ இஸ்திரி போட்ட சட்டையில் வட்டம், என் நெற்றி ஒன்றுதான் தப்பித்தது. அவர் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. வட்டம் மட்டும் போகவில்லை சிட்டு, கொஞ்ச நாளாக மறுபடியும் வருகிறது.

டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்கு மருந்து அலமாரி கேட்டிருந்தார். அதன் கதவில்தான் முதல் வட்டத்தை நம் பட்டறைப் பாலிஷ்காரர் பார்த்தார். நான் போடவில்லை, அவரும் போடவில்லை. தம்பி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அங்கே ஒரு குறையும் இல்லை. வட்டம் இருந்தால் குறை இருந்தே ஆக வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து நல்ல கதவில் பள்ளம் விழுந்து, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கதவு செய்தான். அதிலும் வட்டம். பாலிஷ்காரர் என்னிடம் வந்து, முதலாளி இருந்தப்ப போட்டாரு, பொறுத்துக்கிட்டோம், இப்ப ஆளே இல்லாம வட்டம் வருது, எனக்குப் பயமா இருக்கும்மா என்று சொல்லி வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கும் பயம்தான். ஒருநாள் காலையில் செருமல் கேட்டு, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். தூண் ஓரமாக உன் தம்பி நிற்கிறான். அதே தலைச்சாய்ப்பு, அதே செருமல். முன்னால் போய்க் குனிந்து தன் வேலையில் தானே வட்டம் போடுகிறான். திரும்பி என்னைப் பார்த்தான், ஆனால் அது என் பிள்ளை பார்க்கிற பார்வை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்த அலமாரியைப் போனில் பார்த்துவிட்டு, கதவு ரெண்டும் மட்டத்துல இல்லையேடா, யாரு கண்ணுலயும் படாதுன்னு நினைச்சியா என்று கேட்டாய். நீ சொன்னது சரிதான், அதுதான் என் கவலை. அப்பா போட்ட வட்டமும் சரியாகத்தான் இருந்திருக்கும், அதனால் தம்பிக்கு என்ன கிடைத்தது. போனை வைத்ததும் அவன், அக்கா அங்க இருந்து பாத்தே இவ்வளவு சொல்றா, நான் எதுக்கும்மா இதைக் கட்டிக்கிட்டு அழணும் என்றான். மாதக் கடைசியில் ரம்பம், மெஷின் எல்லாவற்றையும் விலைக்கு எடுத்துக்கொள்ள ஆளை வரச் சொல்லிவிட்டான். பட்டறை போனால் போகட்டும், வேறு பிழைப்பு இல்லாமலா போகும். இந்த வட்டத்தோடு அவன் எங்கே போவான் என்பதுதான் என் பயம்.

மறுநாள் நானே பட்டறைக்குள் போனேன். நான் என்ன பிடிக்கணும், அதைச் சொல்லு என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவின் கனத்தை ஒருவர் தாங்கினால்தான் இன்னொருவர் கீலை முடுக்க முடியும். இத்தனை வருஷமும் ஒற்றை ஆளாகத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே முடுக்கியிருக்கிறான், கதவு இறங்காமல் என்ன செய்யும். இப்படி இறங்கிய கதவுகளில் அப்பா எத்தனை வட்டம் போட்டார், ஒருநாளாவது வந்து பிடித்தாரா. நாங்கள் முடுக்கிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தச் செருமல் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. தம்பி என் எதிரே வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருந்தான், அவன் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கதவையும் விடவில்லை. இடது கதவு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது.

வலது கதவு இன்னும் ஒரு நூல் அளவு இறங்கித்தான் இருக்கிறது. பிடிக்கிறவளுக்கும் முடுக்குகிறவனுக்கும் அது தெரியாது, கதவை ஒட்டி அல்லவா நிற்கிறோம். நேர் எதிரே நின்று பார்த்து, ஏத்து, இறக்கு, போதும் என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அப்பாவின் கண் உனக்குத்தான் வந்திருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும், கோணலாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, எந்தப் பக்கம் பாக்கணும் தம்பி என்று கேள். கேட்டுவிட்டுப் போய்விடாதே, அவன் முடுக்கி முடிக்கிறவரைக்கும் கூடவே இரு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக நீண்ட நாள் இருங்கள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை. தூண் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அப்பா நிற்கும் அந்த இடத்தில்தான் போனை வைக்கப் போகிறேன். இந்தத் தடவை அங்கேயிருந்து உன் குரல் வரட்டும்.

இப்படிக்கு,
கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா