ஒரே பேரு சீட்டும் ஒளிச்சு வெச்ச தோட்டாவும்

என் தங்கச்சியைக் கட்டிக்கினு எனக்கு மச்சானா ஆன சிநேகிதனுக்கு,

ரெண்டு குப்பத்துக்கும் பொதுவா வேணும்னு நீ ஆசைப்பட்ட பள்ளிக்கூடம் திறந்தாச்சுடா! இன்னிக்குக் காலையில நம்ம குப்பத்துப் பசங்களும் தெக்குக் குப்பத்துப் பசங்களும் ஒரே பாயில உக்காந்து பலப்பத்துக்கு அடிச்சுக்கினு இருந்தாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வலைத் தகராறுல ரெண்டு குப்பமும் கல்லுடைக்கிற வெடித் தோட்டாவை ஒளிச்சு வெச்சுக்கினு, "நீ வீசினா நானும் வீசுவேன்"னு நின்னாங்களே, அப்போ நீ ஜுரத்துல கிடந்த. நம்ம ஊர்த் தலைவர்கிட்ட போய்ப் பேசச் சொல்லி என்னைக் கெஞ்சின. நான் பாவி, பேப்பரை உன் முன்னால நீட்டினேன். "ஒரே பேரு போட்ட ஓட்டுச் சீட்டைக் குடுத்து, நாடே ஓட்டு போட்டுச்சுன்னு பீத்திக்கிற தேசம் கீதே, அதே கதைதான் இதுவும். நம்மாளும் ஊரைக் கோயில்ல கூட்டி வெச்சு, தலைவர் பதவிக்குத் தன் பேரை மட்டும் சொல்லி 'ஆட்சேபணை கீதா'ன்னு கேக்கறாரு, எவனும் பயந்துக்கினு வாயைத் தொறக்கறதில்ல. அவரு குடுக்கற வாக்குக்கு இன்னா மதிப்பு?"ன்னு கத்தினேன்.

"தோட்டா எவன் கையில கீதோ, அவன்கிட்டதானேடா பேசணும்?"னு கேட்ட. மூணாம் நாள் அந்த ஜுரத்துலயே போயே போயிட்ட.

உனக்காகத்தான் செங்கல்பட்டு ஆபீசுக்கு லீவு போட்டுட்டுத் தலைவர்கிட்ட போய்ப் பேசினேன். ரெண்டு ஊரும் கூடின இடத்துல நம்ம தலைவர் ஏழு தோட்டாவை எடுத்து வெச்சு, "அவ்ளோதான்"னாரு. தெக்குக் குப்பத்தார் நம்பல. எவன் முதல்ல குடுக்கறதுன்னே பொழுது போச்சு. அப்போ உன் பொண்டாட்டி தனம் குறுக்க வந்தா. "வூட்டுக்கு ஒரு பொம்பளையைக் கூப்பிட்டுக் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. எந்தப் பானையில இன்னா கீதுன்னு எங்களுக்குத்தானே தெரியும்?"

ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்களை அதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லடா.

வரிசையா வந்தாங்க. தலைவரோட மருமக அஞ்சலை மட்டும் கற்பூரத்துக்கு நேரா கையை நீட்டல. "எங்க வூட்ல இன்னும் மூணு கீது. பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்"னா. தலைவர் மூஞ்சி சுருங்கிடுச்சு. போச்சுடா, இப்போ வெட்டுக்குத்துதான்னு நெனச்சேன். ஆனா தெக்குக் குப்பத்துப் பெரியவர் எழுந்து, "இப்பதான்யா எனக்கு நம்பிக்கையே வருது"ன்னு சொல்லி, அவங்க ஒளிச்சு வெச்சதையும் கொண்டாரச் சொன்னாரு. எல்லாத்தையும் இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்படைச்சாச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

ரேடியோவுல சொன்னாங்க, பெரிய தேசங்களும் அணுகுண்டு வெடிச்சுப் பாக்கறதை நிறுத்தி வெச்சுட்டுப் பேச உக்காந்துட்டாங்களாம். அந்த ஒரே பேரு சீட்டு தேசமும் அதுல கீது. பேசட்டும், நீ சொன்னதுதான் சரி. ஆனா அங்க கீற அஞ்சலையை யாருடா கூப்பிட்டுக் கேப்பாங்க?

நம்ம ஊரையாவது நான் பாத்துக்கறேன். அடுத்த தடவை கோயில்ல "ஆட்சேபணை கீதா"ன்னு கேக்கறப்போ நான் எழுந்து நிப்பேன், தலைவர் பதவிக்கு அஞ்சலை பேரைச் சொல்லுவேன். உதை விழுந்தாலும் உக்கார மாட்டேன்.

உன் தனத்தோட அண்ணன்,
சபாபதி