நான்காம் பாடத்தின் பயிற்சி

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். காலையிலிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல். ஜன்னலில் விரல் வைத்தால் கோடு விழுகிறது.

அம்மா போனுக்குக் கலைமதி அக்காவிடமிருந்து செய்தி! பருவநிலையைக் கணினியில் எப்படிக் கணிக்கிறார்கள் என்று எங்களைப் போன்ற ஆரம்பநிலை ஆட்களுக்காக எழுதுகிற புத்தகம் அவருடையது. வரைவை நகலெடுத்துப் பள்ளி நூலகத்துக்கு அனுப்பி, கருத்து கேட்டிருந்தார். என்னுடையதில் ஏற்றுக்கொண்டவை:

பாடம் 1 - 'மாதிரி' என்றால் என்ன என்பதைக் கடைசியில் அல்ல, முதலில் சொல்வது.
பா. 2 - பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் படம். எண்ணூரும் மணலி புதுநகரும் ஒரே கட்டத்துக்குள் என்று காட்டுவது.
பா. 4 - பயிற்சியை நீக்குவது.

மூன்றும்! "பயிற்சியைச் செய்து பார்த்தது நீ ஒருத்திதான். சரிவரவில்லை என்றாய், எடுத்துவிட்டேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நன்றி" என்று எழுதியிருக்கிறார். நன்றி! எனக்கு!

பயிற்சி இதுதான். நிழலில், காற்றுப் படும் இடத்தில் வெப்பமானியை மாட்டு. தினமும் ஒரே நேரத்தில் எழுது. மூன்று நாள் சராசரிதான் நாளைக்கான கணிப்பு. சில நாள் பொருந்தியது. சில நாள் நாலு டிகிரி உதைத்தது.

கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

ஜூலை 9, புதன்

இன்றும் சாம்பல். இரண்டு பீரியட் டீச்சர் வரவில்லை.

மாலையில் என் வகுப்புத் தோழி பர்வீன் வந்தாள். பயிற்சி போனதில் அவளுக்குக் கோபம். "புக்குல எனக்குப் புட்ச்சதே அது ஒண்ணுதான். நீ இன்னாடி, தூக்கச் சொல்லிட்ட?"

எப்படி அளந்தேன் என்று காட்ட வாசல் கூரை ஷீட்டுக்குக் கீழே கூட்டிப்போனேன். நாலரை மணி. வழக்கம்போலக் கொடியில் கிடந்த போர்வையை விலக்கிவிட்டு எண்ணைப் படித்தேன். அவள் வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. போர்வையைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"ஈரப் போர்வைக்குள்ள வெச்சிகினு டெம்பரேச்சர் பாக்குறியா? அது உள்ள குளுகுளுன்னு தூங்கிகினு கீது!"

அம்மா உள்ளேயிருந்து: "சாம்பல் வர்ற அன்னிக்கி மாடில போட்டா துணி கலீஜாய்டும். ஷீட்டுக்குக் கீழதான் போடுவேன். இது தெரியாதா உனுக்கு?"

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். நோட்டை எடுத்தோம். 'வானிலை' என்ற பத்தியில் நானே 'சாம்பல்' என்று எழுதிய நாள்கள்தான் எண் குறைந்த நாள்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பயிற்சி சரி. நான்தான்.

ஜூலை 10, வியாழன்

சோதனை. போர்வை ஈரமாகப் பக்கத்தில்: 31. எடுத்துவிட்டு அரை மணி கழித்து: 35.

அக்காவுக்குப் போன் செய்யவில்லை. சொன்னால் மற்ற இரண்டு கருத்துகளையும் நம்ப மாட்டாரோ? சொல்லாவிட்டால் நல்ல பயிற்சி ஒன்று யாருக்கும் கிடைக்காது. சாப்பிட முடியவில்லை. (நெத்திலிக் குழம்பு. கொஞ்சம் சாப்பிட்டேன்.)

அம்மா: "அந்தப் பொண்ணு உன்ன கடிச்சா துன்னப் போவுது? போன போடு."

நாளை.

ஜூலை 11, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் போட்டேன். ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன்.

"அந்த இடத்துல வேற படம் வச்சு பக்கத்தையே மாத்திட்டோம்மா," என்றார். பிறகு, "இரு. எதுக்கு போர்வையை அங்க போட்டாங்க?"

சாம்பலைச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"நிழல், காத்துன்னு எழுதினேன். துணி காயறதும் அங்கதான்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. கணிப்பு தப்பானா முதல்ல அளந்த இடத்தைப் பாருன்னு புக்கு முழுக்க ஒரு இடத்துலயும் சொல்லல. ஏழு மணிக்குள்ள நாலு வரி எழுதித் தரியா? படத்தைத் தூக்கிடறேன்."

அடித்தது, எழுதியது, அடித்தது. பர்வீன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "'ஆகையால்' எல்லாம் வோணாம். ஒன்ன மாதிரி எழுது," என்றாள். இவள் நேற்றைக்கு முந்தின நாள் பிழியாமல் போயிருந்தால்! அதை அவளிடம் சொன்னேன். "டீ வாங்கிக் குடு," என்றாள்.

6:50. அனுப்பினேன்.

7:20. பக்கத்தின் போட்டோ வந்தது. பயிற்சி திரும்பி வந்துவிட்டது. என் நாலு வரியும் அப்படியே. முதல் வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்:

"படி 1: வெப்பமானியை மாட்டுவதற்கு முன், எந்த நாளில் எங்கே துணி காயும் என்று வீட்டில் துவைப்பவரிடம் கேள்."

அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.