கோணல் பின்னல்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு மூன்று மாதமாக வலது தோளில் வலி. இப்போது கை காதுக்கு மேலே போக மறுக்கிறது. ரவிக்கைக் கொக்கி மாட்டுவதற்குள் உயிர் போகிறது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிவிட்டதாம். நம் வயதுப் பெண்களுக்கு வருவதுதானாம். தானே விட்டுவிடும், ஆனால் ஒரு வருடமோ இரண்டோ ஆகும் என்கிறார் டாக்டர்.

ஒரு கூத்தைக் கேள். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளைதான். "அசையாதடி, மூணு கால்ல எது நடுக்கால்னு மறந்துபோச்சு" என்பார். பின்னல் கோணலாகத்தான் வரும். அப்படியே தையல் கடைக்குப் போய்விடுகிறேன்.

நீ படித்தவள். என்ன செய்யலாம், சொல்.

உன் குட்டி

மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

வலி என்று அறிந்து வருத்தம். ஆனால் நாற்பத்தாறு வயதில் தலையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது வைத்தியம் ஆகாது. அசைக்காத மூட்டு இறுகத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை முழுதாகத் தூக்கு. நாளையிலிருந்து பின்னலை நீயே போட்டுக்கொள். மாப்பிள்ளையின் உற்சாகம் எத்தனை வாரம் தாங்கும் என்று பார்க்கத்தானே போகிறோம்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா

மார்ச் 30

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடியே தினமும் கண்ணாடி முன் நின்று கையை வலிக்க வலிக்கத் தூக்கினேன். பத்தாம் நாள் கடையில் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் அம்மா திட்டித் தீர்த்துவிட்டார். "வலி இருக்கறப்ப முரட்டுத்தனமா இழுத்தா இன்னும் மோசமாகும். யாரும்மா சொன்னது?" "படிச்சவங்க ஒருத்தங்க" என்றேன். இப்போது வெந்நீர் ஒத்தடம். மேஜையில் சாய்ந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுகிறேன். சுவரில் விரல்களை நடத்துகிறேன், வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

நான் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து இவர் சீப்பைத் தொடவில்லை. "உங்கக்கா சொன்னாங்களா?" என்று கேட்டதோடு சரி.

நீ எதையும் புத்தகம் பார்க்காமல் சொல்லமாட்டாய். இது எந்தப் புத்தகம்?

குட்டி

ஏப்ரல் 6

குட்டி,

எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எனக்கும் அதே வலி, அதே வலது தோள், எட்டு மாதமாக. சர்க்கரை இருந்தால் சீக்கிரம் வருமாம். கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன், பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். உனக்கு அந்த அம்மா சொன்ன அதே பயிற்சிகளை எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாள் பக்கத்தில் இருக்கும்போதுதான் உனக்கு மார்ச் மாதக் கடிதத்தை எழுதினேன்.

பின்னிக்கொள்ள முடியாமல் ஜனவரியில் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். கல்லூரியில் பராமரிப்பு சுலபம் என்று சொல்லி வைத்தேன். உன் அத்தான் மூன்றாம் நாள் கவனித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். என் கை மேலே போவதில்லை என்பதை இன்றுவரை கவனிக்கவில்லை.

நடுக்கால் மறந்துபோன அந்த வரியை நான்கு முறை படித்தேன். வயிறு எரிந்தது. உன் வீட்டில் அந்தப் பின்னல் நின்றுபோக வேண்டும் என்று நினைத்தேன். இதற்குமேல் நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. சீப்பைத் திருப்பிக் கொடு.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

படித்துக் காட்டினேன். "அவ்ளோ நீள முடியையா வெட்டிட்டாங்க?" என்றார். மறுநாள் காலை சீப்போடு வந்து நின்றார். நடுக்கால் இன்னும் பிடிபடவில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை. வலி என்றால் எப்படியிருக்கும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாய்.

என் விரல் ஏறும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வருகிறேன். நீயும் குறி. ஞாயிறுதோறும் அந்த அளவை மட்டும் எழுது. இப்போதைக்கு வேறெதுவும் வேண்டாம்.

குட்டி

ஏப்ரல் 19

குட்டி,

தரையிலிருந்து ஐம்பத்திரண்டு அங்குலம்.

உன்னுடையது எவ்வளவு என்று கேட்கமாட்டேன்.

அக்கா