அட்டைக்குப் பின்னால் விழுந்த பகடை

மச்சான்,

கதை சொல்லிப் பகடை உருட்டுவோமே, அந்த ஆட்டத்தின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் நடத்தினேன். இப்போது சண்டையெல்லாம் கட்டம் போட்ட தாளில்தான். பொம்மைகள் இல்லாததால் பூம்பாறைப் பூண்டுப் பற்களை அரக்கர்களாக நிறுத்தினோம். நீ சிரித்திருப்பாய்.

புது விதிப்படி, அடிபட்டு விழுந்தவன் மூன்று முறை பகடையில் தோற்றால்தான் சாவான். நம் யோகராஜ் உன்னை நினைத்துக் கேட்டான்: "ஏலே, அன்னைக்கே இப்படி இருந்திருந்தா அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்க மாட்டான்ல?"

நான் பூண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் இரண்டு வருடம் நீ வளர்த்த வீரன். அன்று, ஆட்டம் நடத்துபவன் முன்னால் வைத்துக்கொள்ளும் அட்டையின் மறைவில் நான் உருட்டிய பகடையில் அவன் பிழைத்திருந்தான். எல்லோரும் என் கதையை விட்டுவிட்டு உன் கதையையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை அட்டை வைக்கவில்லை; எல்லோர் முன்னாலும் உருட்டினேன். என்னைப்போல் நேர்மையாக நடத்த ஆளில்லை என்று யோகராஜ் மெச்சினான்.

இப்படிக்கு,
அன்று பகடையைப் பார்த்த ஒரே ஆள்